இடிக்காமல் ஒரு தெருவைக் குணப்படுத்துவது: பேட்ரிக் கெடிஸின் வழி

யாருக்கும் மசியாத கறாரான ஆளை நம் பக்கம் ‘சரியான எம்டன்’ என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அந்த இரவு நம் மொழியில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அதே கப்பல் அடுத்த மாதம் மினிக்காய்த் தீவுக்கு அருகே ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. அதில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த பெட்டிகளில் உலகத்து நகரங்களின் வரைபடங்களும் ஓவியங்களும் இருந்தன. ஒரு மனிதர் பல வருடங்களாகச் சேர்த்த நகரக் கண்காட்சி அது. முந்தைய ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பரிசு வாங்கிய கண்காட்சி மொத்தமாகக் கடலுக்குள் போய்விட்டது.

அந்த மனிதர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், அப்போது அறுபது வயது. சென்னை கவர்னராக இருந்த பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில், மூத்த மகன் அலஸ்டேருடன் வேறு கப்பலில் வந்திருந்தார். செய்தி கேட்டு அவர் ஊர் திரும்பவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் புதிதாகப் படங்களும் வரைபடங்களும் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹாலில் கண்காட்சி திறந்தது. அப்புறம் அவர் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்க்கக் கிளம்பினார். தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் என்று ஊர் ஊராக நடந்தார்.

அந்த நடையில் அவர் நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு கருத்தை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. ஆங்கிலத்தில் அதைக் கன்சர்வேட்டிவ் சர்ஜரி என்பார்கள். தமிழில் ‘காக்கும் அறுவை’ என்று வைத்துக்கொள்ளலாம். நகரத் திட்டமிடல் படிக்கிறவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். ஆனால் தெருவில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன். அதைக் கெடிஸின் வீட்டிலிருந்து தொடங்கினால்தான் சரியாகப் புரியும். அவர் இதை முதலில் பழகியது மனைவியோடு குடித்தனம் போன இடத்தில்தான்.

ஜேம்ஸ் கோர்ட்

கெடிஸ் படித்தது நகரத் திட்டமிடல் இல்லை, உயிரியல். லண்டனில் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டவர். 1879-இல் ஆய்வுக்காக மெக்ஸிகோ போனபோது கண் பாதித்து, இருட்டறையில் பல நாள் கிடக்க வேண்டியதாயிற்று. பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் கண் பதிக்கும் வேலைக்கு அது உதவவில்லை. சின்ன உயிர்களை உற்றுப் பார்க்க முடியாமல் போனவர், மனிதர்கள் கூடி வாழும் பெரிய உயிரை, அதாவது ஊரை, உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

1886-இல் அன்னா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். அன்னா வசதியான லிவர்பூல் வியாபாரி வீட்டுப் பெண், இசை தெரிந்தவர். திருமணத்துக்குப் பின் கொஞ்ச நாளிலேயே எடின்பரோவின் பழைய நகரில், ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தைச் சுற்றியிருந்த அடுக்குக் குடியிருப்பில் இருவரும் குடியேறினார்கள்.

அந்த இடத்தின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அது பெரிய மனிதர்கள் இருந்த இடம். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம்கூட அங்கே குடியிருந்திருக்கிறார். 1767-க்குப் பிறகு நகரின் வடக்கே அகலமான தெருக்களோடு ‘புதிய நகரம்’ எழும்பத் தொடங்கியதும் வசதியானவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப் போன வீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பல குடும்பங்கள், கழிவு போக வழியில்லை, காற்று வரச் சன்னல் இல்லை. சேரி என்று நாம் சொல்வது பல நேரம் இப்படித்தான் உருவாகிறது. அங்கே வந்தவர்கள் அழுக்கானவர்கள் என்பதால் இடம் கெட்டுப்போவதில்லை. பணமும் பராமரிப்பும் வேறு பக்கம் போனதால் கெட்டுப்போகிறது.

அன்றைய நகராட்சிகளுக்கு இதற்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இடி, நேராக ரோடு போடு. கெடிஸ் தம்பதி செய்தது வேறு. தங்கள் வீட்டை முதலில் கழுவினார்கள், வெள்ளையடித்தார்கள், சன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுப் பொது நடையைச் சுத்தம் செய்தார்கள். கிடைத்த மூலையில் மண் போட்டுச் செடி நட்டார்கள். பிறகு சில பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து மாணவர் விடுதியாக்கினார்கள். மாணவர்கள் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் விடுதி அது, 1887-இல் தொடங்கியது. இடிந்து விழும் நிலையில் இருந்தவற்றை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தை முற்றமாகத் திறந்துவிட்டார்கள். அப்போது காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்தன. படித்தவர்கள் மறுபடி அந்தப் பக்கம் குடிவந்தார்கள்.

இத்தனைக்கும் கணக்கு வழக்கைப் பார்த்தது அன்னா. விடுதியின் அன்றாடக் காரியங்களும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுந்தன. கெடிஸ் ஒரு வேலையை முடிப்பதற்குள் அடுத்த இரண்டில் கால் வைக்கிறவர், பண விஷயத்தில் கவனமே இல்லாதவர். அவருடைய கட்டட வேலைகளின் நிதிச் சுமையைத் தாங்க 1896-இல் நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனியே தொடங்க வேண்டியிருந்தது. ‘கெடிஸ் செய்தார்’ என்று நூல்கள் ஒருமையில் எழுதுகிற பல வேலைகளை இருவர் பெயரிலும் எழுதுவதுதான் நியாயம்.

காக்கும் அறுவை என்றால் என்ன

காலில் புண் புரையோடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரக்கார வைத்தியர் காலையே எடுத்துவிடுவார். நல்ல அறுவை மருத்துவர் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது, எங்கே ரத்தம் ஓடுகிறது என்று பார்த்து, கெட்ட சதையை மட்டும் நீக்கிக் காலைக் காப்பாற்றுவார். வெட்டு அப்போதும் உண்டு, ஆனால் அதன் நோக்கம் உடம்பைக் காப்பது. உயிரியல் படித்தவர் என்பதால் கெடிஸுக்கு இந்த ஒப்பீடு இயல்பாக வந்தது. பழைய குடியிருப்பை மொத்தமாக இடிப்பது காலை எடுப்பது மாதிரி. எது கெட்டிருக்கிறதோ அதை மட்டும் எடு, மீதியை வாழவிடு என்பதுதான் அவர் வழி.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இருந்த நெரிசலான குடியிருப்புப் பகுதி இதற்குப் பிரபலமான உதாரணம். இன்றும் பாடநூல்களில் அந்தப் பகுதியின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். ஒன்றில் நகராட்சியின் திட்டம் இருக்கும்: பழைய சந்துகளின் குறுக்கே அளவுகோல் வைத்துக் கிழித்த நேர்த் தெருக்கள், வழியில் இருந்த வீடுகளெல்லாம் காலி. இன்னொன்று கெடிஸ் போட்டது. முதல் பார்வையில் அதில் எதுவுமே மாறாதது மாதிரி தெரியும். உற்றுப் பார்த்தால்தான் புரியும். இருக்கிற சந்துகளே போக்குவரத்துக்குப் போதும், அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தினால் சரி என்று காட்டியிருப்பார். காலி மனைகளையும் மிக மோசமாகச் சிதைந்த சில வீடுகள் இருந்த இடத்தையும் சேர்த்துச் சின்னச் சின்ன வெளிகளாக்கியிருப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டும் தூரத்தில் காற்றாடும் ஓர் இடம் வந்துவிடும். இடிக்க வேண்டிய வீடு குறைவு, அதனால் இழப்பீடும் குறைவு, ரோடு போடும் செலவும் பல மடங்கு குறைவு.

இதில் சிரமம் இல்லையா? இருக்கிறது, அதை அவரே மறைக்காமல் எழுதினார். இந்த வேலையை அலுவலகத்தில் உட்கார்ந்து அளவுகோலால் செய்ய முடியாது. நாற்றத்துக்கும் அழுக்குக்கும் நடுவே கால் கடுக்க நடந்து, அந்த இடத்தில் நின்றபடியேதான் வரைய வேண்டும். நேர்க்கோடு போடுகிறவருக்கு அரை நாள் வேலை. இவருக்கு அதே பகுதியில் ஒவ்வொரு திண்ணையும் தெரிந்திருக்க வேண்டும்.

மொத்தமாக இடிப்பதை அவர் ஏன் அவ்வளவு எதிர்த்தார்? நகரச் சுகாதார வரலாற்றின் மிக மோசமான தவறுகளில் ஒன்று என்றே அதைச் சொன்னார். காரணம் எளிமையானது. வீட்டை இடித்தால் நெரிசல் மறைந்துவிடாது, இடம்தான் மாறும். துரத்தப்பட்டவர்கள் வேலைக்குப் பக்கத்தில் இருக்கிற அடுத்த சந்துக்குள் நெருக்கிக்கொள்வார்கள். அங்கே வாடகை ஏறும், ஓர் அறையில் இருவர் கூடுதலாகப் படுப்பார்கள். நாலு வருடத்தில் அந்தச் சந்துக்கும் இடிப்பு நோட்டீஸ் வரும்.

ஒரு சந்தில் நடந்து பார்ப்போம்

கற்பனையாக ஒரு சந்து. இரு பக்கமும் முப்பது வீடுகள். நுழைவாயிலில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய அகலம். நடுவில் ஒரு வேப்பமரம், அதை ஒட்டி மூடிக்கிடக்கும் கிணறு. கூரை விழுந்து வருடக்கணக்காக ஆளில்லாத வீடு ஒன்று. கடைசியில் ஒருவர் மதில் எழுப்பிக்கொண்டதால் முட்டுச்சந்து. மழை பெய்தால் நடுப்பகுதியில் தண்ணீர் நிற்கும்.

நேர்க்கோட்டுத் திட்டம் இங்கே இருபதடி ரோடு கேட்கும். ஒரு பக்கத்து வீடுகளின் முன்பாதி போகும், மரம் போகும், கிணறு தூர்ந்துபோகும். காக்கும் அறுவை முதலில் கேள்விகள் கேட்கும். ஆம்புலன்ஸ் எதுவரை வர வேண்டும்? அதற்கு நுழைவாயிலில் ஒரு திண்ணையை மட்டும் உள்வாங்கினால் போதுமா? பாழடைந்த வீட்டு மனையைத் திறந்துவிட்டால் மரத்தடியும் அதுவும் சேர்ந்து குழந்தைகள் விளையாடும் இடம் ஆகாதா? மதிலில் ஓர் ஆள் போகும் வழி விட்டால் முட்டுச்சந்து தீருமே, அந்த வீட்டுக்காரரிடம் யாராவது பேசினார்களா? தண்ணீர் நிற்பது சந்தின் குற்றமா, அல்லது வெளியே பெரிய ரோட்டின் மட்டத்தை ஒவ்வொரு தடவையும் ஏற்றி ஏற்றிப் போட்டதாலா?

கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டு, வாசல்படிகளெல்லாம் பள்ளத்துக்குள் போன தெருக்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். மழைக்கு முன்னால் ஒரு தடவை அந்தத் தெருவில் நடந்து, இரண்டு வாசலில் நின்று கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. கெடிஸ் கேட்டதும் அவ்வளவுதான்: முதலில் நோயைக் கண்டுபிடி, பிறகு மருந்து கொடு. திட்டத்துக்கு முன் கள ஆய்வு. இன்று நகரத் திட்டமிடலில் இது பொதுவாக ஏற்றுக்கொண்ட முறை. இதை ஊர் ஊராகப் போய் வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் அவர்.

அந்த ஆய்வில் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்: இடம், வேலை, மக்கள். பிரெஞ்சு அறிஞர் லெ ப்ளேயிடமிருந்து எடுத்த முறை இது. லெ ப்ளே மூன்றாவதாக வைத்தது ‘குடும்பம்’. கெடிஸ் அதை ‘மக்கள்’ என்று விரித்துக்கொண்டார். ஒரு நெசவுக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு நீட்ட நீளமான தெரு வேண்டும், அது இடம். தறிதான் வேலை. தார் சுற்றுகிற பாட்டி முதல் நூலை எடுத்துக் கொடுக்கிற சிறுவன்வரை மக்கள். அவர்களை அடுக்குமாடியின் மூன்றாம் தளத்துக்கு மாற்றினால் வீடு கிடைக்கும், ஆனால் தொழில் போய்விடும். மூன்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும்.

குளங்கள் பற்றியும் இதே பார்வைதான். கொசு வருகிறது என்று குளங்களைத் தூர்க்கச் சொன்ன காலம் அது. கெடிஸ் தூர்க்க வேண்டாம் என்றார். குளம் வெப்பத்தைத் தணிக்கிறது, சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுவை அவை தின்றுவிடும் என்று எழுதினார். குளங்களை மூடி பஸ் நிலையம் கட்டிய ஊர்களில் இருக்கிற நமக்கு இதைப் படிக்கையில் வலிக்கிறது. தென்னிந்தியக் கோயில் நகரங்களை அவர் வியந்து பார்த்தார். கோயிலைச் சுற்றிச் சுற்றி விரியும் தேர்வீதிகளின் அகலத்தையும் ஒழுங்கையும் பார்த்தவர், நகரத் திட்டத்தை இந்த ஊர்களுக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொண்டார்.

இந்தூரில் ஒரு தீபாவளி

மக்கள் சேராமல் எந்தத் திட்டமும் நிற்காது என்பதை அவர் எப்படிப் புரிந்துவைத்திருந்தார் என்பதற்கு இந்தூர்க் கதை ஒன்று போதும். அங்கே பிளேக் பரவியிருந்த நேரம். சந்துகளில் வரைபடத்தோடு அலையும் வெள்ளைக்காரரை மக்கள் பயத்தோடு பார்த்தார்கள், இடிக்க வந்தவன் என்று நினைத்தார்கள். கெடிஸ் மன்னரிடம், என்னை ஒரு நாள் மகாராஜாவாக்குங்கள் என்று கேட்டார். தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம், அது எந்த வழியாகப் போகும் என்பது முன்கூட்டி முடிவாகாது, அதிகம் சுத்தம் செய்து பழுதுபார்த்த தெருக்களின் வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தோடு இறங்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது.

ஊர்வலத்தில் அழுக்குக்கும் நோய்க்கும் அரக்க உருவங்கள் வந்தன, பிளேக்கைச் சுமக்கும் ராட்சத எலி வந்தது. அவற்றுக்குப் பின்னால், எப்போதும் யார் கண்ணிலும் படாமல் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில் மரியாதையோடு நடந்து வந்தார்கள். லட்சுமியும் வந்தாள், அவளோடு இந்தூர் நகரமே ஒரு தேவியாக வந்தது. கடைசியில் அரக்கர்களைக் கொளுத்தினார்கள். எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத இடம் அந்த வெள்ளை உடைதான். ஒரு நகரத்தைத் தினமும் உயிரோடு வைத்திருப்பவர்கள் யார் என்று அந்த ஊருக்கு ஒரு நாளாவது அவர் காட்டினார்.

வீடு

குடும்பத்தை நேசித்தவரா கெடிஸ்? நேசித்தார், ஆனால் வீட்டில் இருந்த நாள் குறைவு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் கல்லூரியில் கோடைப் பருவத்துக்கு மட்டும் தாவரவியல் பாடம், மீதி மாதங்களில் எடின்பரோ, பிறகு ஊர் ஊராகப் பயணம். நோரா, அலஸ்டேர், ஆர்தர் மூவரும் சிறு வயதில் பெரும்பாலும் வீட்டிலேயே படித்தார்கள். தோட்டம்தான் வகுப்பறை. தலைக்கு முன்னால் இதயமும் கையும் பழக வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. சென்னைக்கு அவரோடு வந்த அலஸ்டேர் அவருக்கு மகன் மட்டுமல்ல, வலது கையும்கூட.

அலஸ்டேர் இங்கிருந்து திரும்பிப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். 1917 ஏப்ரலில் பிரான்ஸில் குண்டுபட்டு இறந்தார். செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். தாங்க மாட்டார் என்று கெடிஸ் அதை அவரிடம் சொல்லவில்லை. மகன் போனது தெரியாமலே அன்னா ஜூன் மாதம் கல்கத்தாவில் கண்மூடினார். அந்த இரண்டு மாதமும் அவர் மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசிக்கவே முடியவில்லை. இந்தூருக்கான பெரிய அறிக்கை வந்தது 1918-இல், இரண்டு தொகுதிகளாக. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர், 1925-இல் டெல் அவிவ் நகரத் திட்டம் என்று அதற்குப் பிறகும் ஏறத்தாழப் பதினான்கு வருடம் உழைத்தார். 1932 ஏப்ரலில் பிரான்ஸின் மோன்பெல்லியேயில் காலமானார்.

காக்கும் அறுவை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் ஒவ்வொரு வருடமும் கழுத்தளவு ஏறும் ஆற்றுப் படுகையில் திண்ணையை உள்வாங்கிப் பயனில்லை. நச்சுத் தொழிற்சாலையின் சுவரை ஒட்டிய குடியிருப்பைச் சிறு வெளிகளால் காப்பாற்ற முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தெரு அழகானதும் வாடகை ஏறி, இடிக்காமலே ஏழைகள் வெளியேறும் நிலை வரலாம். யார் அங்கே தொடர்ந்து இருக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் அந்த அறுவை யாரையாவது காக்கும்.

நோராவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1908 வாக்கில் எடின்பரோ பழைய நகரின் சந்துகளுக்குள் யாரும் கவனிக்காமல் கிடந்த காலி இடங்களை அப்பாவின் குழுவினர் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள், எல்லாம் சேர்த்து சுமார் 10 ஏக்கர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த நோரா அவற்றில் சிலவற்றைக் குழந்தைகளுக்கான தோட்டங்களாக வடிவமைத்தார், தன்னார்வலர்களைக் கூட்டி வேலை செய்தார். அப்பாவும் அம்மாவும் ஜேம்ஸ் கோர்ட்டில் சன்னல் தொட்டியில் தொடங்கியதை மகள் தெருவுக்குக் கொண்டுவந்தார். எடின்பரோக் கோட்டை நிற்கும் பாறைக்குக் கீழே ஜான்ஸ்டன் டெரஸ் என்ற தெருப் பக்கம் அந்தக் காலத்துத் தோட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. பூட்டிய இரும்புக் கதவு, உள்ளே சரிவாக இறங்கும் கொஞ்சம் மண், அதில் மரங்கள்.